ரோட்டைப் பார்த்து மாட்டைப் பூட்டு!

"அக்கா, போன மாசம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் முதல் பரிசு வாங்கின அதே ஜோடி. இந்த வாரம் ஆறாவதா வருது. யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்று மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் போனில் புலம்பினான். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "போன மாசம் ஓடின ரோடு எப்படி, இந்த வாரம் ஓடின ரோடு எப்படி?" பதிலே இல்லை. மாட்டை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினான், பூட்டினான், ஓட்டினான், திரும்பி வந்தான். ரோட்டை அவன் பார்க்கவே இல்லை.

பிறகு விசாரித்தால், போன மாதம் நேரான பழைய தார் ரோடு, விடிந்ததும் ஓட்டம். இந்த வாரம் சல்லி பெயர்ந்த ரோடு, பத்து மணி வெயில், எல்லையில் குறுகலான திருப்பம். மாடு அதேதான். மற்றதெல்லாம் மாறிவிட்டது. சுத்திப் போடு தம்பி, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ரோட்டைப் பார்.

பந்தய மாடு கட்டின வீட்டில் பிறந்து, பந்தய மாடு கட்டின வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். தைப்பொங்கல் தொடங்கி வைகாசித் திருவிழா வரைக்கும் மதுரை, சிவகங்கை, தேனி என்று எங்காவது ஒரு ஊரில் எல்கைப் பந்தயம், அதாவது மாட்டுவண்டியை எல்லை வரை ஓட்டித் திரும்பி வருகிற பந்தயம், நடந்துகொண்டே இருக்கும். ஜெயித்த ஜோடியும் பார்த்திருக்கிறேன், காலை ஒடித்துக்கொண்டு வந்த ஜோடியும் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசித் தப்பு, மாட்டைப் பூட்டுவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. எந்த ரோட்டுக்கு எந்த ஜோடி என்று கணக்குப் போடாமல் கிளம்புவதுதான் அந்தத் தப்பு. உனக்கு நேரமில்லை, தெரியும். அதனால் நம்பர் போட்டே சொல்கிறேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடு.

1. முதல் நாளே ரோட்டை ஒரு தடவை போய்ப் பார்

பந்தயத்தன்று காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அன்றைக்குக் கூட்டம், மைக், மேளம் எல்லாம் சேர்ந்து கண்ணையே மறைக்கும். முதல் நாள் சாயங்காலம் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு எல்லை வரை போய் வா. போக வர 8 மைல் என்றால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அதிக நேரம் ஆகாது. இதற்கே நேரமில்லை என்றால் நீ மாட்டை ஓட்டவே வேண்டாம்.

பார்க்க வேண்டியவை:

● வேகத்தடைகள் எத்தனை, எங்கெங்கே. வேகத்தடையில் வண்டி துள்ளினால் அந்த அடி நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில்தான் இறங்கும்.
● பாலம், கண்மாய்க் கரை ஏற்றம். போகும்போது ஏற்றமா, வரும்போது ஏற்றமா என்று குறித்துக்கொள்.
● ரோட்டின் அகலம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி இடிக்காமல் போகுமா? எல்லையில் திரும்பி வருகிற வண்டியும் இன்னும் போய்க்கொண்டிருக்கிற வண்டியும் ஒரே ரோட்டில் சந்திக்கும் என்பதை மறக்காதே.
● தாருக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள ஓரம். நாலு விரற்கடை பள்ளமாக இருந்தாலே, ஒதுங்குகிற வண்டியின் சக்கரம் இறங்கிச் சாயும்.
● திரும்புகிற இடம். இறங்கி நின்று காலால் தேய்த்துப் பார். மணல் கொட்டிக் கிடந்தால் அங்கேதான் மாடு வழுக்கும்.

2. தரை எது என்று கண்டுபிடி

குதிரைப் பந்தயக்காரர்கள் இதை ஒரு வித்தையாகவே செய்கிறார்கள். சென்னை கிண்டியில் 1777-லேயே குதிரை ஓடத் தொடங்கிவிட்டது. நம் நாட்டுப் பெரிய பந்தய மைதானங்களில் கம்பி போன்ற ஒரு கருவியைப் புல்தரையில் இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து, அந்த எண்ணை ஓட்டத்துக்கு முன்பே அறிவிப்பார்கள். தரை இறுகலா, இளக்கமா என்று தெரிந்த பிறகுதான் எந்தக் குதிரைக்கு வாய்ப்பு என்ற பேச்சே ஆரம்பிக்கும். நமக்குக் கருவி வேண்டாம். கண்ணும் குதிகாலும் போதும்.

● பழைய தார்: வேகமான தரை. ஆனால் தேய்ந்து வழவழப்பான தாரில் லாடம் சறுக்கும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனி விழுந்திருந்தால் இன்னும் மோசம். முதல் நூறு அடியில் பாய்கிற மாட்டுக்கு ஆபத்து அங்கேதான்.
● சல்லி பெயர்ந்த தார்: இதைத்தான் நான் வெறுக்கிறேன். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. நடு இடுக்கில் ஒரு சின்னக் கல் ஏறினாலும் அடுத்த மைலில் கால் தாங்க ஆரம்பிக்கும். லாடம் தேய்ந்த மாட்டை இங்கே கொண்டுவராதே.
● சிமெண்ட் ரோடு: ஊருக்குள்ளே நுழைகிற இடத்தில் இருக்கும். தாரைவிடக் கடினம். கொஞ்ச தூரம்தான் என்றாலும் அந்த இடத்தில் சாட்டையைத் தூக்காதே, மாடு தன் இஷ்டத்துக்குப் போகட்டும்.
● செம்மண்: மேலூர், நத்தம் பக்கம் கிடைக்கும். லேசான தூறல் விழுந்து இறுகியிருந்தால் மாட்டுக் காலுக்கு இதமான தரை. நன்றாகக் காய்ந்திருந்தால் புழுதி. பின்னால் வருகிற மாட்டின் மூக்கிலும் கண்ணிலும் அத்தனையும் போகும்.
● கரிசல்: திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்து மண். காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் பசை. ஒரு மழை பெய்தாலும் சக்கரத்திலும் குளம்பிலும் அப்பிக்கொண்டு வண்டி எடையைக் கூட்டிவிடும். ஓரம் கரிசல் என்றால், மழைக்கு மறுநாள் ரோட்டை விட்டு ஒதுங்கவே ஒதுங்காதே.
● மணல் தரை: சக்கரம் புதையும். வேகம் இங்கே எடுபடாது, இழுப்புதான் எடுபடும். நெஞ்சு அகன்ற, கனத்த மாட்டுக்கு லாபம். சின்ன உடம்புச் சிட்டு மாட்டுக்கு நஷ்டம்.

3. உன் பிரிவு எத்தனை மணிக்கு என்று கேள்

மாட்டின் அளவைப் பார்த்துப் பிரிவு பிரிவாகத்தான் ஓட்டுவார்கள். ஒரே ரோடு, ஒரே நாள் என்றாலும் முதல் பிரிவு ஓடுகிற ரோடும் கடைசிப் பிரிவு ஓடுகிற ரோடும் ஒன்றல்ல. ஏழு மணிக்கு ஓடுகிற மாடு குளிர்ந்த தாரில் ஓடும். பதினொரு மணிக்கு ஓடுகிற மாடு காய்ந்த தோசைக்கல்லில் ஓடும். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாளில் காற்றைவிடத் தார் வெகுவாகச் சூடேறிவிடும்.

சோதிக்க ஒரு சுருக்கு வழி: புறங்கையை ரோட்டில் வைத்து மெதுவாகப் பத்து எண்ணு. அதற்குள் கையை எடுக்கத் தோன்றினால், அது மாட்டுக்கும் ஆகாத ரோடு. பந்தயக் கமிட்டிக்காரர்களிடம் போய்க் கேள். சாயங்காலம் நாலரைக்கு மேல் மாற்றித் தரச் சொல். மாட்டோம் என்றால் மாட்டை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வா. கௌரவம் ஒன்றும் குறையாது.

வெயிலில் முன்னே பாய்கிற மாடு முதலில் படுக்கும், அடக்கி ஓடுகிற மாடு கொஞ்சம் தாங்கும். உடம்பு சூடேறி நாக்கைத் தள்ளிவிட்ட மாட்டை எந்தச் சாரதியாலும் எழுப்ப முடியாது.

4. காற்றையும் கணக்கில் சேர்

இதை யாருமே பார்ப்பதில்லை. தேனி, கம்பம் பக்கம் ஆனி, ஆடியில் மேல்காற்று ஆளையே தள்ளும். எல்கைப் பந்தயம் போய்த் திரும்புகிற ஓட்டம். அதனால் ஒரு பாதி எதிர்காற்று, மறு பாதி பின்காற்று.

● போகும்போது எதிர்காற்று என்றால் முன்னே போகிற வண்டிதான் காற்றைக் கிழிக்கும், பின்னால் ஒட்டி வருகிற வண்டி அதன் மறைவில் சுகமாக வரும். அன்றைக்கு ஒட்டி ஓடுகிற மாட்டுக்கு யோகம்.
● வரும்போது எதிர்காற்று என்றால், திரும்பும் இடத்திலேயே மாடு தீர்ந்துபோயிருக்கக் கூடாது. பாதி மூச்சையாவது மிச்சம் வைக்கச் சொல்லிச் சாரதியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.
● காலையில் கிழக்கு நோக்கி ஓட்டம் என்றால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மிரளுகிற மாட்டை அந்தப் பாதையில் முதன்முதலாக இறக்காதே.

5. உன் மாடு எப்படி ஓடுகிற மாடு?

எவ்வளவு வேகம் என்று நான் கேட்கவில்லை. எப்படி ஓடுகிறது என்று கேட்கிறேன். இது தெரியாமல் முப்பது வருஷமாக மாடு வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை நாலு ரகம்.

● எடுத்த எடுப்பிலேயே பாய்கிறது: கொடி விழுந்ததும் முன்னே போய்விடும். முன்னால் யாரும் இல்லாவிட்டால் சந்தோஷமாக ஓடும். இன்னொரு வண்டி தாண்டிவிட்டால் மனசு விட்டுவிடும்.
● ஒட்டி ஓடுகிறது: இரண்டாவது, மூன்றாவது வண்டியாகவே வரும். முன்னால் ஒரு துணை வேண்டும். தனியாக விட்டால் வேகம் குறைக்கும்.
● கடைசி மைலில் எழும்புகிறது: பாதி தூரம் வரை பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும். எல்லையைத் தாண்டித் திரும்பியதும்தான் ஓட்டமே தொடங்கும். இதன் சாரதிக்குப் பொறுமை வேண்டும்.
● ஒரே சீர்: முதல் மைலுக்கும் கடைசி மைலுக்கும் வித்தியாசம் தெரியாது. பார்க்க அழகில்லை, ஆனால் கெட்ட ரோட்டில் பரிசு வாங்குவது பெரும்பாலும் இதுதான்.

கண்டுபிடிக்கிற வழி: ஒரே ரோடு, ஒரே நேரம், ஒரே சாரதி. வாரம் ஒன்றாக மூன்று வெள்ளோட்டம் விடு. மைல்கல்லை அடையாளம் வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று செல்போனில் குறித்துக்கொள். அடிக்காமல், கத்தாமல் ஓட்டு. சாட்டைக்கு ஓடுகிற ஓட்டம் மாட்டின் ஓட்டம் ஆகாது, அதை வைத்துக் கணக்குப் போடாதே. மூன்று தடவையும் முதல் மைல் வேகமாகவும் கடைசி மைல் சோர்வாகவும் இருந்தால் அது பாய்கிற மாடு. முடிந்தது கதை. அதைக் கடைசி மைல் மாடாக மாற்றுகிறேன் என்று அடித்துப் பழக்காதே, குணத்தை மாற்ற முடியாது.

இனத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதையும் குறைத்துக்கொள். புளிக்குளம் சூட்டிகையானது, காங்கேயம் திடமானது, பர்கூர் மலைமாடு கால் உறுதியானது என்று பொதுவாகச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு கன்று இரண்டு விதமாக ஓடும். நோட்டில் எழுதினதை நம்பு.

6. ஒரு மாடு இல்லை, ஜோடி!

குதிரைக்காரர்களுக்கு ஒரு குதிரையின் குணம் தெரிந்தால் போதும். உனக்கு இரண்டு தெரிய வேண்டும். ஒன்று பாய்கிறது, இன்னொன்று கடைசியில் எழும்புகிறது என்றால் நுகத்தடி கோணிக்கொண்டே போகும். முதல் மைலில் ஒன்று மற்றொன்றை இழுக்கும், கடைசி மைலில் இது அதை இழுக்கும். இரண்டும் அலுத்துப்போய் எட்டாவதாக வரும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அருமையான மாடாகத்தான் இருக்கும்.

திருப்பத்தில் இன்னொரு கணக்கு உண்டு. ரோட்டின் இடப்பக்கம் போய் வலப்பக்கமாகத் திரும்பினால், வலத்து மாடு உள்ளே நிற்கும், இடத்து மாடு வெளியே சுற்றி வரும். நுகத்தில் இரண்டுக்கும் இடைவெளி மூன்றடி என்று வைத்துக்கொள். அரைவட்டம் போட்டுத் திரும்பும்போது வெளி மாடு ஒன்பதடிக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். அதனால்:

● எல்லையில் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று முன்கூட்டியே கேள்.
● உள்பக்கம், சட்டென்று நின்று சுழலுகிற மாடு. வெளிப்பக்கம், நீளமாக எட்டு வைத்துச் சுற்றுகிற மாடு.
● வழக்கமாக இடத்தில் பழகினதை அன்றைக்கு மட்டும் வலத்தில் பூட்டாதே. மாற்ற வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே மாற்றிப் பழக்கு.

எங்கள் வீட்டு மயிலையும் செவலையும் நேர் ரோட்டில் யாரையும் விடாது. குறுகின திருப்பத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டு வண்டி முந்திவிடும். இரண்டு வருஷம் சாரதியைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால், வெளியே சுற்ற வேண்டிய செவலை வைக்கிற எட்டு குட்டை. இடம் மாற்றிப் பழக்கின பிறகு பிரச்சினை தீர்ந்தது. பாவம், அந்தச் சாரதியிடம் மன்னிப்புக் கேட்டோம்.

7. போட்டிக்கு யார் யார் வருகிறார்கள்?

இது தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. பெயர் கொடுத்த ஜோடிகளில் எடுத்ததும் பாய்கிற ஜோடி எத்தனை என்று விரல் விட்டு எண்ணு.

● ஒன்றே ஒன்றுதான், அது உன்னுடையது என்றால்: நிம்மதியாகப் பெயர் கொடு. யாரும் சீண்டாமல் முன்னே போகிற மாடு தன் மூச்சைத் தானே அளந்து ஓடும். கெட்டியான நேர் ரோட்டில் அதைப் பிடிப்பது கஷ்டம்.
● மூன்று, நாலு பாய்கிற ஜோடி என்றால்: முதல் இரண்டு மைலில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிச் சீக்கிரமே தீர்ந்துபோகும். அன்றைக்குக் கடைசி மைல் மாட்டுக்குத்தான் பரிசு.
● பாய்கிறதே இல்லை என்றால்: எல்லோரும் மெதுவாகக் கிளம்புவார்கள். ஒட்டி ஓடுகிற உன் ஜோடியைத் துணிந்து முன்னே விடு, ஆனால் வெள்ளோட்டத்தில் ஒரு தடவையாவது முன்னே ஓட்டிப் பழக்கியிருக்க வேண்டும்.

சில ஊர்களில் எல்லையில் முதலில் கொடி வாங்குகிற ஜோடிக்குத் தனிப் பரிசு உண்டு. அந்த ஊரில் முதல் பாதி கட்டாயம் வேகமாகத்தான் போகும். கொடிக்கு ஓடுவதா, முடிவுக்கு ஓடுவதா என்று சாரதியும் துணைக்கு வருகிற பின்சாரதியும் முதல் நாளே பேசி முடிவு செய்யட்டும். நடு ரோட்டில் இரண்டு பேரும் இரண்டு விதமாகக் கத்தினால் மாடு யார் பேச்சைக் கேட்கும்?

8. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்

அவசரக்காரர்களுக்காக:

● நேரான பழைய தார், காலை நேரம்: பாய்கிற மாடு.
● எதிர்காற்றில் கிளம்பிப் பின்காற்றில் திரும்புகிற ரோடு: ஒட்டி ஓடுகிற மாடு.
● நீண்ட ரோடு, திரும்பி வரும்போது ஏற்றம்: கடைசி மைல் மாடு.
● சல்லி, வேகத்தடை, வளைவு நிறைய: சீரான மாடு, நிதானமான சாரதி.
● புழுதிச் செம்மண்: முன்னே போக முடிந்த மாடு மட்டும். பின்னால் ஓடுகிற மாட்டுக்குப் புழுதிதான் கிடைக்கும்.
● மணல், நனைந்த மண்: கனத்த மாடு, குறைந்த தூரம்.
● பதினொரு மணி வெயில்: எந்த மாடும் வேண்டாம்.

9. பிரிவில் ஏமாற்றாதே, ஏமாறாதே

குதிரைப் பந்தயத்தில் நன்றாக ஓடுகிற குதிரைக்கு அதிக எடை, சுமாராக ஓடுகிற குதிரைக்குக் குறைந்த எடை. சேணத்தோடு ஈயத் தகடு சேர்த்து எல்லோருக்கும் சமவாய்ப்பு வருகிற மாதிரி செய்வார்கள். நம் பெரியவர்கள் எடையைத் தொடவில்லை, மாட்டையே பிரித்துவிட்டார்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று. அந்தந்தப் பிரிவுக்கு ஏற்ற மாதிரி தூரத்தையும் குறைப்பார்கள். ஊருக்கு ஊர் பிரிவின் பெயரும் அளவும் மாறும். கொங்கு நாட்டு ரேக்ளா வேறு மாதிரி. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று குறுகின தூரத்தை நொடிக் கணக்கில் அளக்கிறார்கள். அங்கே ஜெயித்த மாடு இங்கே 8 மைல் ஓடும் என்று நம்பி விலை கொடுத்து வாங்காதே. ஒரே மூச்சில் பாய்கிற மாடு வேறு, மூச்சைப் பங்கு போட்டு ஓடுகிற மாடு வேறு.

● விளிம்பில் இருக்கிற மாட்டைக் கீழ்ப் பிரிவில் திணிக்கப் பொய் சொல்லாதே. ஒரு தடவை பரிசு கிடைக்கும், அப்புறம் எந்த ஊரிலும் உன் பெயரை நம்ப மாட்டார்கள்.
● மேல் பிரிவில் போனால் பரிசு அதிகம் என்று சிட்டு மாட்டை நடு மாட்டோடு விடாதே. தூரமும் கூடும், எதிரியும் பெரியது. மாட்டின் இதயம் தாங்காது.
● பிரிவை முடிவு செய்யும்போது தரையையும் பார். விளிம்பில் இருக்கிற ஜோடிக்குக் கெட்டி ரோட்டில் மேல் பிரிவு ஒருவேளை சரிப்படும், மணலில் சரிப்படவே படாது.

10. ஒரு நோட்டுப் போடு

நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஊர், தேதி, தரை, நேரம், வெயில், காற்று, எத்தனை வண்டி, நம் ஜோடி எங்கே முந்தியது, எங்கே விட்டது. இவ்வளவுதான். மாட்டுக்காரன் வீட்டுத் தங்கச்சி, இதை நீ எழுது. ஓட்டிவிட்டு வருகிறவன் ஜெயித்தால் ஊரெல்லாம் பேசுவான், தோற்றால் தூங்கிவிடுவான். எழுத மாட்டான்.

நோட்டைப் படிக்கிற விதமும் முக்கியம். "முதல் இடம்" என்ற வார்த்தையில் மயங்காதே. ஐந்து வண்டி ஓடின நல்ல ரோட்டில் வந்த முதல் இடத்தைவிட, இருபது வண்டி ஓடின கெட்ட ரோட்டில் வந்த நாலாவது இடம் பெரியதாக இருக்கலாம். மாடு வாங்கப் போகும்போதும் எத்தனை கோப்பை என்று எண்ணாதே. "எந்த ரோட்டில், எந்த மாசத்தில் ஓடிச்சு?" என்று கேள். பதில் சொல்லத் திணறுகிறவனிடம் வாங்காதே.

11. தீனியும் லாடமும்

● ஓட்டத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பே கனமான தீனியை நிறுத்து. வயிறு நிறைந்திருந்தால் அது நுரையீரலை நெருக்கும், மூச்சு விரியாது.
● பழக்கமில்லாத தானியத்தை முந்தின நாள் அள்ளிக் கொட்டாதே. பருத்திக்கொட்டையும் தவிடும் வழக்கம்போல இருக்கட்டும். திடீர்த் தானியம் வயிற்றில் புளித்து மாட்டையே கொன்றுவிடும்.
● தண்ணீரை நிறுத்தாதே. "தண்ணி குடிச்சா கனம்" என்று சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே. அவனைத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடச் சொல்.
● லாடம் அடித்த மறுநாளே ஓட்டாதே. ஒரு வாரமாவது நடந்து பழகட்டும். ஆணி உள்தசையைத் தொட்டிருந்தால் இரண்டு, மூன்று நாளில் தெரிந்துவிடும்.

12. திரும்பி வர வேண்டிய நாள்

கீழே சொல்கிறதில் ஒன்று இருந்தாலும் பூட்டாதே. பெயர் கொடுத்தாச்சே, நுழைவுப் பணம் கட்டியாச்சே என்று இழுக்காதே.

● காலையில் அசை போடவில்லை.
● மூக்கு நுனி காய்ந்திருக்கிறது, தீனி மிச்சம் வைத்திருக்கிறது.
● காலை மாற்றி மாற்றித் தாங்குகிறது, குளம்பைத் தொட்டால் சூடாக இருக்கிறது.
● வேனிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் ஆகியும் மூச்சு அடங்கவில்லை.

ஓடும்போது வாயைத் திறந்து நாக்கைத் தள்ளி நுரை வடித்தால், அந்த இடத்திலேயே ஓரம் கட்டு. நிழலில் நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடு, கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ல் போன் போடு.

தார்க்குச்சி ஆணி, வாலைக் கடிப்பது, மிளகாய்ப்பொடி, சாராயம், ஊசி இதெல்லாம் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தபோது நம் பக்கம் தொழுவங்கள் எப்படிக் கிடந்தன என்று நினைத்துப் பார். 2017 ஜனவரியில் பிள்ளைகள் மதுரைத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் உட்கார்ந்து போராடி, அதன் பிறகு சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18-ம் தேதிதான் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டத்தோடு கர்நாடகத்துக் கம்பளா, மகாராஷ்டிரத்து வண்டிப் பந்தயச் சட்டங்களும் செல்லும் என்றது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட விளையாட்டு இது. ஒருவன் மாட்டை ரத்தம் வர அடிக்கிற வீடியோ போதும், எல்லோரும் மறுபடி கோர்ட்டு வாசலில் நிற்க.

பின்னால் பைக்கில் கத்திக்கொண்டு வருகிற உன் கூட்டாளிகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வா. குறுகின ரோட்டில் மாடு மிரளுவது அவர்களால்தான், வேடிக்கை பார்க்கிறவர்கள் அடிபடுவதும் அவர்களால்தான்.

13. காசு வைக்காதே

இவ்வளவு கணக்கும் கற்றுக்கொண்டால், "நமக்குத்தான் தெரியுமே" என்று பந்தயக் காசு வைக்கத் தோன்றும். அங்கேதான் வீடு போகும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அந்தத் திறமையை நம்பி அடகு வைத்த தாலிக்கொடியை மீட்க முடியாமல் போன குடும்பங்களை நான் அறிவேன். நீ போடுகிற கணக்கு, எந்த மாட்டை எந்த ரோட்டில் விடலாம் என்பதற்கு உதவும். ரோட்டில் குறுக்கே ஓடி வருகிற ஒரு நாயை எந்தக் கணக்காலும் தடுக்க முடியாது. வட்டிக்கு வாங்கி மாட்டுக்குத் தீனி போடுவதும் இதில் சேர்த்திதான். தீனிக்குக் காசு இல்லாத வருஷம் மாட்டை ஓட்டாமல் கட்டி வை. உழவுக்கும் வண்டிக்கும் உதவும், சாணி உரமாகும்.

கடைசியாக ஒன்று. ஓட்டம் முடிந்து வீடு வந்ததும் முதல் வேலையாகக் கோப்பையைக் கழுவி ஷோகேஸில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ முதலில் நாலு குளம்பையும் தூக்கிப் பார். இடுக்கில் கல் இருந்தால் எடு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவு, கழுத்தில் நுகத்தடி அழுத்தின இடத்தைத் தடவிக் கொடு. மறுநாள் காலையில் மாடு அசை போடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அந்த மேலூர்த் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை போன் பண்ணினான். பின்னங்கால் இடுக்கில் சுண்டு விரல் நகம் அளவு ஒரு சல்லி இருந்ததாம்.